குட்டைப் பலகை, சின்ன அலை

மே 4, ஞாயிறு

இன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மதுரையில் உட்கார்ந்துகொண்டு சர்ஃப் போர்டு செய்யப் போகிறேன் என்றால் தெருவில் யாரும் நேராகப் பார்த்துப் பேச மாட்டார்கள். மச்சானிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். கார் அவருடையது.

என்னிடம் இருப்பது 6 அடி 2 அங்குலப் பலகை. அகலம் பதினெட்டே முக்கால் அங்குலம், கூர் மூக்கு, அடியில் நல்ல வளைவு. தோள் உயர அலைக்கென்று செய்தது. திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊரான மணப்பாட்டில் எனக்கு வாய்ப்பதோ பெரும்பாலும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் நிற்கிற அலை. அதில் இந்தப் பலகை கிளம்புவதற்குள் அலை முன்னால் போய்விடுகிறது. கிளம்பினாலும் நாலு முழம் போனதும் அமுங்கி நின்றுவிடுகிறது.

“ஒம்பது அடி போர்டு வாங்குங்கண்ணே” என்பது மணப்பாட்டுத் தம்பியின் தீர்ப்பு. சின்ன அலை பிடிக்க அதற்கு மேல் ஒன்று கிடையாது, மறுக்கவில்லை. ஆனால் மாட்டுத்தாவணியில் திருச்செந்தூர் பஸ்ஸில் அவர் அதை ஏற்றிக் காட்டட்டும். மச்சான் காருக்குள் ஐந்தரை அடிக்கு மேல் எதுவும் சுலபமாக நுழையாது. ஆக முடிவு: 5 அடி 4 அங்குல நீளம், 22 அங்குல அகலம், இரண்டரை அங்குலத் தடிமன். கணக்குப் போட்டால் கன அளவு 36 லிட்டர் பக்கம் வருகிறது. பழையது 29.

மே 7, புதன்

நாளை மீனாட்சி திருக்கல்யாணம். ஊரே பந்தல் வேலையில் இருக்கிறது. மேடை அலங்காரம் செய்கிற அண்ணன் ஒருவரிடம், பலகைக்கு உள்ளே வைக்கக் கெட்டியான தெர்மோகோல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன். “எதுக்குத் தம்பி, அணையில மிதக்கவிடவா?” என்றார். 2017இல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மோகோல் அட்டைகளை விரித்தார்கள், காற்று எல்லாவற்றையும் கரைக்கு ஒதுக்கியது. அன்றிலிருந்து மதுரைக்காரன் தெர்மோகோல் என்று வாயைத் திறக்க முடிவதில்லை. “மிதக்கவிடத்தாண்ணே” என்றேன்.

மேடைக்கு வெட்டுகிற ரகம் ஆகாது, விரலால் அழுத்தினாலே குழி விழும். குளிர்பதன அறைச் சுவருக்குள் வைக்கிற ரகம் வேண்டும், கன மீட்டருக்கு 30 கிலோ அளவில். அது கிடைத்துவிட்டது. அதன்மேல் துணி ஒட்டுவதற்கான ரெசின் வாங்கும் கடையில்தான் வாக்குவாதம். வழக்கமாக எல்லாரும் வாங்கும் பாலியெஸ்டர் ரெசினையே கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அதில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும், எபாக்ஸி கொடுங்கள் என்றால் நம்பவில்லை. ஒரு துண்டை மேசைமேல் வைத்து நாலு சொட்டு விட்டேன். வெள்ளை மணிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி உள்ளே போய், அந்த இடத்தில் ஒட்டும் கோழையும் பள்ளமும்தான் மிச்சம். எபாக்ஸி எடுத்துக் கொடுத்தார். விலை கேட்டு மச்சான் வாயடைத்துப் போனார்.

மே 11, ஞாயிறு

வடிவம் வெட்டியாயிற்று. நிக்ரோம் கம்பியைச் சூடேற்றி, பிளைவுட் அச்சை ஒட்டி இழுத்தால் வெண்ணெயாக வெட்டுகிறது. மிச்சம் உப்புத்தாள் வேலை.

மேலிருந்து பார்த்தால் பலகை மாதிரியே இல்லை, சோற்றுக் கரண்டி என்கிறாள் மனைவி. பக்கவாட்டுக் கோடுகள் கிட்டத்தட்ட நேராக, ஒன்றுக்கொன்று இணையாகப் போகின்றன. பின்பக்கம் குறுகவே இல்லை. அடியில் வளைவு மிகக் கொஞ்சம். இந்த யோசனைக்கு வயது அதிகம். கலிபோர்னியாவில் பாப் சிம்மன்ஸ் என்று ஒருவர், சைக்கிள் விபத்தில் முழங்கை மடங்காமல் போனவர். 1946இல் லிண்ட்சே லார்டு என்பவர் வேகப்படகுகளின் அடிப்பாகத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகாமல் அதன் மேலேறி வழுக்கும் படகுக்கு எவ்வளவு நீளத்துக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்பதுதான் அதன் விஷயம். சிம்மன்ஸ் அதை அலைப் பலகைக்குக் கொண்டுவந்தார். 1954இல் விண்டன்ஸீ கடற்கரையில் அலையில் சிக்கி இறந்துபோனார். அவர் செய்தவை பத்தடி, பன்னிரண்டடிப் பெரும் பலகைகள். அதே உருவத்தை ஐந்தடிக்குச் சுருக்கியது அரை நூற்றாண்டு கழித்து. அதைத்தான் மினி சிம்மன்ஸ் என்கிறார்கள்.

இன்னொரு மூதாதையும் உண்டு. 1967இல் சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் என்ற இளைஞர் முழங்காலிட்டு ஓட்டுவதற்காகச் செய்த ‘ஃபிஷ்’. மீன் வால், அடியில் ஃபின் எனும் அகலத் துடுப்புகள் இரண்டு. என் பலகை உடம்பு சிம்மன்ஸ், ஃபின் லிஸ்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். வேலை ஒன்றும் ஓடவில்லை.

மே 17, சனி

துணி ஒட்டியாயிற்று. அடிப்பக்கத்துக்கு 4 அவுன்ஸ் கண்ணாடி இழைத் துணி ஒரு சுற்று, மேலே இரண்டு சுற்று. வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று விடிகாலையில் ஆரம்பிக்கத் தோன்றும். கூடாது. தெர்மோகோல் மணிகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. பொழுது ஏற ஏற அது விரிந்து, ஈரமாக இருக்கும் ரெசின் வழியே கொப்புளம் கொப்புளமாக வெளியே வரும். சூடு இறங்குகிற நேரத்தில் ஊற்றினால் காற்று சுருங்கி ரெசினை உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும். அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மொட்டை மாடியில். அப்போதும் மே மாதச் சூட்டில் டப்பாவில் இருந்த ரெசின் இறுகப் பார்த்தது. கலக்கினால் உடனே அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும், டப்பாவிலேயே விட்டால் தன் சூட்டிலேயே புகைய ஆரம்பித்துவிடும்.

மே 25, ஞாயிறு

சித்தப்பா ஊர் மேலூர்ப் பக்கம். கண்மாயில் மடையை ஒட்டி மட்டும் கழுத்தளவு தண்ணீர் கிடக்கிறது. இரண்டு பலகையையும் கொண்டுபோனேன். அலையே இல்லாத தண்ணீரில் பேடில், அதாவது படுத்தபடி கையால் துழாவிப் போவது, மட்டும் எப்படி என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. மடையிலிருந்து தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரம் வரை, கரையில் சித்தப்பா கையில் செல்போன் கடிகாரம்.

முதலில் மிதப்பு. என் எடை 70 கிலோ. பலகை தன் எடை போக 33 கிலோவைத்தான் தாங்கும், மிச்சத்தை உடம்பே தண்ணீருக்குள் அமிழ்ந்து ஈடுகட்டிக்கொள்கிறது. பழையதில் நெஞ்சு வரை தண்ணீர் ஏறும். இதில் அவ்வளவு ஏறுவதில்லை. படுத்ததும் வித்தியாசம் தெரிகிறது.

ஆனால் வேகத்தில்? சொன்னால் அகலப் பலகைக்காரர்களுக்குப் பிடிக்காது: பழையதுதான் கொஞ்சம் முந்தியது. நிதானமாகப் போட்டால் இரண்டும் சமம். முழு மூச்சாகப் போட்டால் குட்டைப் பலகை ஒரு கட்டத்துக்கு மேல் போக மறுக்கிறது, மூக்குக்கு முன்னால் தண்ணீர் மேடு கட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு கை போடும்போதும் மூக்கு இடமும் வலமும் ஆடுகிறது. முழங்காலுக்குக் கீழே கால் வெளியே தொங்கி இழுக்கிறது. அகலம் வேறு, முழங்கையை விரித்துப் போட வேண்டியிருப்பதால் தோளுக்கு வேலை கூடுதல்.

இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு போகிற எதற்கும் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி ஒரு வேக வரம்பு உண்டு. படகுக்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்குப்படி ஒன்பது அடிக்கு மணிக்கு ஏழரை கிலோமீட்டர், ஐந்தே கால் அடிக்கு ஐந்தே முக்கால். லிட்டரைக் கூட்டினால் பேடில் வேகம் கூடும் என்று பலரும் பேசுகிறார்கள். லிட்டர் மிதப்பைத் தரும், உடம்பை மேலே தூக்கி அலுப்பைக் குறைக்கும். நீளம் தருவதை அது தராது.

கரையில் பையன்கள் ஓட்டாஞ்சில்லு எறிந்துகொண்டிருந்தார்கள். தட்டையான சில்லு தத்தித் தத்தி எதிர்க்கரை வரை போகிறது, உருண்டைக் கல் பொத்தென்று உள்ளே. எனக்கு வேண்டியது அந்தத் தட்டைச் சில்லின் வேலை. அது கண்மாயில் தெரியாது.

ஜூன் 8, ஞாயிறு

இரவு இரண்டு மணிக்குக் கிளம்பி அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி வழியாக விடியும்போது மணப்பாடு. மணல்குன்றின் மேல் சிலுவைக் கோவில், கீழே முனையைச் சுற்றி வந்து உடைகிற அலை. முழங்கால் உயரம், எப்போதாவது ஒன்று இடுப்பைத் தொடும். பரிசோதனைக்கு இதுதான் அலை.

தம்பி ஒன்பது அடியில். அவர் என்னைவிட வெளியே உட்கார்ந்து, அலை மேடாகத் தொடங்கும்போதே ஏறிக்கொள்கிறார். அந்த இடத்தில் என்னால் ஏற முடியவில்லை, முடியவும் முடியாது. முக்கால் மீட்டர் ஆழத்தில் வருகிற அலை மணிக்குப் பத்துக் கிலோமீட்டரைத் தாண்டி ஓடும். கையால் அதை எட்ட யாராலும் ஆகாது. மிச்சத்தைச் சரிவுதான் தர வேண்டும். நீளப் பலகைக்குக் கொஞ்சம் சரிவு போதும். எனக்கு நாலைந்து மீட்டர் உள்ளே தள்ளி, சரிவு கூடுகிற இடம் வேண்டும்.

ஆனால் பழைய பலகையோடு ஒப்பிட்டால் கதையே வேறு. அதில் அலை பின்னால் வந்ததும் குறுகிய வால் அமுங்கும், மூக்கு மேலே தூக்கும், நான் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருப்பேன். இதில் அலை அந்த அகல வாலைத் தாங்கித் தூக்குகிறது. பலகை தட்டையாகச் சாய்கிறது. இரண்டு கை போடுகிறேன், திடீரென்று அடியில் இருந்த இழுவிசை அறுந்துபோகிறது. தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்த பலகை தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது. சத்தமே மாறுகிறது: களகளப்பு நின்று ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீறல். தூக்குவிசை பரப்பையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. பரப்பு கூடினால் குறைந்த வேகத்திலேயே மேலேறிவிடலாம். கண்மாயில் தோற்ற பலகை இங்கே ஜெயிக்கிற இடம் இதுதான்.

எழுந்து நின்ற பிறகு இன்னும் நன்றாக இருக்கிறது. மணப்பாட்டு அலைக்கு நடுவில் ஒரு சோம்பல் உண்டு, உடைவது நின்று வெறும் மேடாக ஓடும். பழைய பலகையில் அங்கே குதித்துக் குதித்து வேகம் தேட வேண்டும், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். இதில் சும்மா நிற்கிறேன். முன்காலில் கொஞ்சம் எடையை வைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால் அந்தச் சோம்பலைத் தாண்டி அடுத்த உடைவில் சேர்த்துவிடுகிறது. தம்பி கரையிலிருந்து, “என்னண்ணே, மோட்டார் கட்டியிருக்கா?” என்று கத்தினார்.

ஜூலை 5, சனி

திங்கட்கிழமை திருச்செந்தூர் குடமுழுக்கு. லட்சக்கணக்கில் கூட்டம். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. வீட்டில் ஃபின் ஓரங்களை உப்புத்தாள் போட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்து மூன்று நாள். “கச்சான் காத்து எழும்பிட்டு, எட்டு மணிக்கு மேல கடல் கலங்கிரும்” என்று தம்பி நேற்றே போனில் சொன்னார். அப்படியே ஆனது. ஆனால் அதற்கு முன் இரண்டு மணி நேரம் நெஞ்சு உயர அலை வந்தது. குட்டைப் பலகையின் குறைகள் எல்லாம் இன்று வரிசையில் வந்து நின்றன.

அலை செங்குத்தாக எழும்பும்போது அதே அகல வால் எதிரியாகிறது. பின்பக்கத்தை அலை தூக்கியே வைத்திருக்கிறது, வளைவில்லாத மூக்கு நேராகத் தண்ணீரில் குத்துகிறது. இதற்கு மருந்து, நேராக இறங்காமல் முதலிலிருந்தே சாய்வாகக் கிளம்புவது. அது கைவந்தது. கைவராதது திருப்பம். 22 அங்குலப் பலகையை ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குச் சாய்க்க நேரம் பிடிக்கிறது. வேகம் கூடினால் வால் தடதடவென்று துள்ளி, பிடிப்பை விட்டு வழுக்குகிறது. நீளமான வளைவாக எடுத்தால் கேட்கிறது, வெடுக்கென்று திருப்பினால் கேட்பதில்லை. வெளியே போகும்போது இன்னொரு தொல்லை, 36 லிட்டரை அலைக்கு அடியில் அமுக்கி நுழைய முடியவில்லை. வெள்ளை நுரையோடு சேர்த்து என்னையும் பின்னால் தள்ளிக்கொண்டே வந்தது.

கடைசியில் பழைய பலகையை எடுத்துக்கொண்டு போனேன். நெஞ்சு உயரத்தில் அது அருமையாக ஓடியது. ‘எல்லா அலைக்கும் ஒரே பலகை’ என்று குட்டைப் பலகையை விற்கிறவர்கள் இந்த மாதிரி ஒரு காலையில் அதை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. இன்று கடலுக்குப் போகவில்லை.

ஃபின் விஷயம் எழுத வேண்டும். தச்சுப்பட்டறை அண்ணன் வெட்டிக் கொடுத்த மரைன் பிளைவுட்டில் இரண்டு ஃபின், அடித்தளம் நீளமாக, உயரம் குறைவாக, விளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும். நடு ஃபின் கிடையாது. நடுவில் ஃபின் வைத்தால் பிடிப்பு கூடும், இழுவையும் கூடும். சின்ன அலையில் அந்த இழுவைக்குக் கொடுக்க நம்மிடம் வேகம் மிச்சம் இல்லை. விளிம்பை ஒட்டி இருப்பதால் குதிகாலை அழுத்தினால் அந்தப் பக்க ஃபின் உடனே வேலை செய்கிறது. நடுவில் நின்றால் எதுவும் நடக்காது. பின்காலை விளிம்புக்கு நகர்த்தக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

காரில் பலகையை விட்டுவிட்டு மதியம் சாப்பிடப் போகிறவர்களுக்கு: மூடிய காருக்குள் இருக்கும் சூட்டில் தெர்மோகோல் உப்பி, ஒட்டிய துணியை விட்டு விலகிவிடும். நிழல் இல்லாவிட்டால் பலகையோடு ஓட்டலுக்குள் போங்கள். எட்டயபுரம் பக்கம் நாங்கள் அப்படித்தான் போனோம். சர்வர் அதற்கும் ஒரு நாற்காலி போட்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மணப்பாட்டில் முழங்கால் உயரம், காற்று இல்லை. மச்சான் என் பலகையை வாங்கிப் படுத்தார். 92 கிலோ. பலகை மொத்தமும் தண்ணீருக்குள் போனது, மச்சான் மட்டும் தெரிந்தார். அலை வந்து எடுக்கவே இல்லை. இப்போது அவருக்கும் ஒன்று வேண்டுமாம்.

தடிமனை மட்டும் கூட்டினால் மிதக்கும், ஆனால் விளிம்பு கட்டையாகி அலைக்குள் கடிக்காது. அதனால் நீளத்திலும் அகலத்திலும்தான் முதலில் சேர்க்க வேண்டும்: 5 அடி 8, அகலம் 23, தடிமன் இரண்டே முக்கால், 44 லிட்டர் வரும். காருக்குள் நுழையுமா என்று கேட்டேன். முன் சீட்டைக் கழற்றிவிடலாம் என்கிறார். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.