ஃபிளீட்வுட் ஏரியில் ஒரு சனி, ஒரு ஞாயிறு

ஒரு மீட்டர் நீளப் படகு ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி ஒரு மிதவையை நெருங்குகிறது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கரையில் நின்றபடி கணிக்க வேண்டும். கரையில் நின்று ரிமோட்டில் ஓட்டும் ரேடியோ பாய்மரப் படகுப் பந்தயத்தில் இதைவிடக் கஷ்டமான காரியம் இல்லை என்பேன். விதிகளைப் படித்துவிடலாம். தூரம் மட்டும் கண் பழகித்தான் வர வேண்டும்.

போன வார இறுதிப் போட்டி அதற்கு நல்ல பரீட்சை. இடம் இங்கிலாந்தின் லங்காஷயர் கரையோர ஊரான ஃபிளீட்வுட். பிளாக்பூலில் இருந்து டிராம் வரும், ஆனால் பாய்ப் பெட்டியோடு டிராம் ஏற முடியாது. பிரஸ்டனில் இருந்து காரில்தான் போனோம். கடலை ஒட்டியே மாதிரிப் படகுகளுக்கென்று கட்டிய ஏரி. இந்த நாட்டின் பழைய மாதிரிப்படகு ஏரிகள் பலவும் நேரான கரையோடு இருப்பதற்குக் காரணம் உண்டு. ரேடியோ வருவதற்கு முன், காற்றுக்குத் திரும்பும் ஒரு சிறு தகடுதான் சுக்கானை இயக்கியது. ஆட்கள் படகோடு கரையில் ஓடி, கரையைத் தொடும்போது கம்பால் திருப்பிவிடுவார்கள். இன்றும் சிலர் அப்படி ஓட்டுகிறார்கள். பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

எங்களுடையது ஐ.ஓ.எம். (இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்) என்ற படகு வகுப்பு. 1988-இல் உருவானது. நீளம் ஒரு மீட்டருக்கு மேல் போகக்கூடாது, எடை 4 கிலோவுக்குக் குறையக்கூடாது, படகின் உடலில் கார்பன் இழை கூடாது. ரிமோட்டுக்கு இரண்டே வேலை: சுக்கானைத் திருப்புவது, பாயை இழுப்பது அல்லது தளர்த்துவது. பாய்கள் ஏ, பி, சி என்று மூன்று அளவு. காற்று கூடக் கூட, சின்னதுக்கு மாற வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளுக்காகவே எனக்கு இந்த வகுப்பு பிடிக்கும். கடையில் வாங்கிய படகோடு, வீட்டில் தேய்த்துச் செய்த மரப்படகும் ஒரே கோட்டில் நிற்க முடிகிறது.

சனிக்கிழமை ஐரிஷ் கடலில் இருந்து நல்ல மேல்காற்று. காலையில் எல்லோர் கண்ணும் பக்கத்து ஆளின் பெட்டியில்தான், அவர் எந்தப் பாயை மாட்டுகிறார் என்று. நான் பி மாட்டினேன். ஏ மாட்டியவர்கள் எதிர்க்காற்றில் என்னைத் தாண்டிப் போனார்கள். மேல் மிதவையைச் சுற்றிப் பின்காற்றில் திரும்பியதும் கதை மாறியது. பெரிய பாயில் ஓங்கி ஒரு வீச்சு அடித்தால் இந்தப் படகு மூக்கைத் தண்ணீருக்குள் குத்திவிடும். பின்னால் சுக்கான் மேலே தூக்கிக்கொள்ளும், அப்புறம் ரிமோட்டை எப்படித் திருப்பினாலும் கேட்காது. அப்படிக் குத்தி நின்றவர்களுக்கு நடுவே புகுந்து என் படகு போனதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

ஆட்கள் நிறைய என்பதால் இரண்டு கூட்டம். கீழ்க் கூட்டம் முதலில் ஓடும்; அதில் முதல் நான்கு பேர் மேல் கூட்டத்தோடு சேர்ந்து உடனே மறுபடி ஓடுவார்கள். மேலே கடைசி நான்கு பேர் அடுத்த சுற்றில் கீழே. ஓடாதவர்கள் கரையில் நின்று, மோதல் கண்டால் பாய் எண்களைக் கூவ வேண்டும். 40 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் ஒரே அலைவரிசையில் இருவர் ரேடியோவைப் போட்டால் படகு கையை விட்டுப் போகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்தபின் அந்தப் பயம் இல்லை, தோளோடு தோள் உரசி நிற்கிறோம். ஒலிபெருக்கியில் கடைசி நிமிடம் பத்துப் பத்து நொடியாக எண்ணப்படும், கடைசிப் பத்து நொடி ஒவ்வொன்றாக. அந்தப் பத்து நொடியில் கரையில் யாரும் மூச்சு விடுவதாகத் தெரியாது.

ஓடும்போது வெளியாள் யோசனை சொல்லக்கூடாது என்பது விதி. என் மனைவி அதை மதித்து வாயை மூடி நிற்பாள். கோட்டைத் தாண்டியதும், "இடது பக்கம் தண்ணி கருத்துச்சே, பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன். ஆனால் அந்தப் பக்கம் ஸ்டார்போர்டில், அதாவது படகின் வலப்பக்கம் காற்று அடிக்க, ஒருவர் வந்துகொண்டிருந்தார், வழி அவருடையது. காற்று வீச்சு வரும் இடத்தில் தண்ணீர் கருப்பதைக் கரையில் இருந்தே பிடிக்கும் கண் அவளுக்கு. அவள் ஒரு படகு ஓட்ட வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஞாயிறு காற்று தணிந்தது, எல்லோருக்கும் ஏ. மிதவைக்கு நான்கு படகு நீளம் நெருங்கியதும் உள்பக்கம் இருப்பவருக்கு இடம் விட வேண்டும். அதாவது 4 மீட்டர், அதையும் கரையில் இருந்து கண்ணால் அளக்க வேண்டும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: மிதவை பாய்க்குப் பின்னால் மறைந்தால் படகு எனக்குக் கிட்டே, மிதவை படகை மறைத்தால் படகு அப்பால். கடைசி ரேஸில் கீழ் மிதவையில் நான் உள்ளே, இன்னொருவர் வெளியே. அவர் பாய்க்கம்பு என் பாய்க்கயிற்றைத் தொட்டது. கூவியவர் வாயை மூடுவதற்குள் அவர் விலகிப்போய்த் தண்டனைச் சுற்றை ஒன்று சுற்றிவிட்டு வந்தார். ஒரு வார்த்தை வாதம் இல்லை. அந்தச் சுற்றில் அவர் இழந்த இடங்கள் கொஞ்சநஞ்சமல்ல. முடிந்ததும் போய்க் கை குலுக்கினேன்.

மேல் கூட்டத்திலேயே நிலைத்து வார இறுதியை முடித்தேன். பி பாயின் முன்கொக்கி சனிக்கிழமைக் காற்றில் தேய்ந்திருக்கிறது, அதை மாற்ற வேண்டும். பாயை இழுக்கும் விஞ்ச் கயிறும் பிரிய ஆரம்பித்திருக்கிறது. இரண்டும் இந்த வாரமே.