‘பயெர்’ என்று வந்த பிடிஎஃப்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தனியார் பால் சேகரிப்பு மையத்துக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். பால் ஊற்றுகிறவர்கள் நானூறு பேருக்கு மேல். காலையும் மாலையும் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) மூன்றும் பதிவாகும். 15 நாளுக்கு ஒரு முறை ஆளுக்கு ஒரு பட்டுவாடாச் சீட்டு. உலாவியில் சீட்டு அழகாகவே தெரிந்தது. அதை அப்படியே பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்ஆப்பில் அனுப்ப வேண்டும், கேட்கிறவர்களுக்கு அச்செடுத்துத் தர வேண்டும், அவ்வளவுதான். “ரெண்டு நாள் வேலைங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐந்து வாரம் ஆனது.

மென்பொருள் பிஎச்பி என்ற நிரல்மொழியில், அதற்கான லாராவெல் சட்டகம் கொண்டு எழுதியது. அதனால் கை முதலில் டாம்பிடிஎஃப் என்ற பிஎச்பி நிரல் நூலகத்துக்குத்தான் போனது. நிறுவ ஐந்து நிமிடம், வலைப்பக்கத்தின் எச்டிஎம்எல்லைக் கொடுத்தால் பிடிஎஃப் வந்து விழும். ஒரு தமிழ் எழுத்துருவையும் சேர்த்துவிட்டு, நான்கைந்து சீட்டு எடுத்துப் பார்த்தேன். எண்கள் சரி, கட்டங்கள் சரி. தலைப்புகளைச் சரியாகப் படிக்கவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. நாமே எழுதிய சொல்லைக் கண் படிப்பதில்லை, எழுத்து போல ஏதோ இருந்தால் தாண்டிவிடுகிறது. போதாக்குறைக்கு, சோதனைக்கு நான் போட்டு வைத்திருந்த ஆட்களின் பெயரெல்லாம் ஆங்கிலத்தில்.

மறுநாள் மையத்துக்காரர் போன் செய்தார். “ஏனுங்க தம்பி, மேல பயெர்னு போட்டிருக்குதே, அது என்னங்க?”

‘பெயர்’ என்பது கணினிக்குள் ப, ஒற்றைக்கொம்பு, ய, ர, புள்ளி என்ற வரிசையில் இருக்கிறது. யூனிகோடில் கொம்பு எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். வரையும்போதுதான் அதை எடுத்து முன்னால் வைக்க வேண்டும். குரோமுக்குள் இதை ஹார்ஃப்பஸ் என்ற நிரல் செய்கிறது. டாம்பிடிஎஃப்பிடம் அப்படி ஒன்று இல்லை, சேமித்த வரிசையிலேயே எழுத்துகளை அடுக்கிக்கொண்டு போகும். கொம்பு ய-வுக்கு முன்னால் போய் நின்றதும் ‘பயெர்’ ஆகிவிட்டது. ‘விலை’யில் ஐகாரக் குறி ல-வுக்குப் பின்னால் அந்தரத்தில் தொங்கியது. எல்லாவற்றையும்விட மோசம் ‘கொழுப்பு’. க தனியாக நின்றது. அதன் பிறகு கொம்பும் காலும், நடுவில் ஆளே இல்லாமல். அப்புறம் ஒரு ழ, அதோடு ஒட்டாமல் பக்கத்தில் ஓர் உகரக் குறி. பால் மையத்தில் நாள் முழுக்கச் சொல்கிற சொல்லே அதுதான்.

இங்கே ஒரு முட்டாள்தனம் செய்தேன். பிடிஎஃப்புக்கு அனுப்பும் முன் கொம்பை நானே இடம் மாற்றி வைக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஒகர ஓகாரங்களைக் கொம்பும் காலுமாகப் பிரித்தேன். ‘பெயர்’ சரியானது. ‘கொ’ கூடச் சரியானது. ஆனால் கு, ழு, மூ போன்றவை எழுத்துருவுக்குள் தனித்தனி வடிவங்களாக இருக்கின்றன. எழுத்துருவில் உள்ள விதிகளைப் படித்து, இரண்டு குறியீடுகளுக்குப் பதிலாக அந்த ஒரு வடிவத்தைப் போட வேண்டும். வரிசையை மாற்றுவதால் அது நடக்காது. மூன்று நாள் போனது.

அடுத்து, உலாவியிலேயே பக்கத்தைப் படம் பிடித்துப் பிடிஎஃப்பில் ஒட்டும் வழி. எச்டிஎம்எல்2கேன்வாஸ், ஜேஎஸ்பிடிஎஃப் என்ற இரண்டு நூலகங்களையும் சேர்த்துப் பலர் செய்வது. எழுத்து பிசகாமல் வந்தது, ஏனென்றால் அது எழுத்தே இல்லை, படம். பக்கம் முடிகிற இடத்தில் 11-ஆம் தேதி மாலைக் கணக்கு இடுப்போடு வெட்டுப்பட்டு, தலை முதல் பக்கத்திலும் கால் இரண்டாம் பக்கத்திலும் கிடந்தது. கோப்பும் நான்கு எம்பி. அதைத் தூக்கிப் போட்டேன்.

எம்பிடிஎஃப் என்ற இன்னொரு பிஎச்பி நூலகத்தைத் தொட்டபோதுதான் நிம்மதி. அதில் எழுத்துருவைப் பதிவு செய்யும் இடத்தில் யூஸ்ஓடிஎல் என்று ஓர் அமைப்பு உண்டு. அதற்கு 255 என்று மதிப்புக் கொடுத்தால் எழுத்துருவில் உள்ள விதிகளைப் படித்துக் கோக்க ஆரம்பிக்கும். ‘கொழுப்பு’ முதல் தடவையிலேயே சுத்தமாக வந்தது. வெறும் அட்டவணைதான் தேவை, பிஎச்பியை விட்டு நகர முடியாது என்கிறவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம் என்பது என் கருத்து. எனக்கு இரண்டு தடை. என் பக்கம் முழுக்க, தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸின் ஃபிளெக்ஸ் முறையில் அமைத்தது, எம்பிடிஎஃப்புக்கு அது புரியாது. அப்புறம், தினசரி லிட்டரைக் காட்டும் ஒரு வரைபடம், உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் வரையப்படுவது. எம்பிடிஎஃப் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது. பைத்தான் மொழியில் இருக்கும் வீசிபிரிண்ட் நூலகம் தமிழை நன்றாகவே கோக்கும், ஆனால் அதுவும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது. டபிள்யூகேஎச்டிஎம்எல்டுபிடிஎஃப் என்ற பழைய கருவியை ஒரு நண்பர் சொன்னார். 2023-இலேயே அதன் நிரல் களஞ்சியத்தை மூடி வைத்துவிட்டார்கள், புதிதாகத் தொடங்கும் வேலைக்கு அது வேண்டாம் என்று விட்டேன்.

சரி, உலாவியில் நன்றாகத் தெரிகிறது என்றால் உலாவியையே அச்சடிக்கச் சொல்வோம் என்று, திரை இல்லாமல் ஓடும் குரோமுக்கும் அதை நோட்ஜேஎஸ்ஸிலிருந்து (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது) இயக்கும் பப்பட்டியர் நூலகத்துக்கும் வந்து சேர்ந்தேன். மடிக்கணினியில் முதல் நாளே எல்லாம் சரி. சர்வரில் ஏற்றினால் தமிழ் வரவேண்டிய இடமெல்லாம் வெற்றுச் சதுரங்கள். செயலியைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் டாக்கருக்குள் இருந்த மெலிந்த லினக்ஸில் ஒரு தமிழ் எழுத்துருகூட இல்லை. என் மடிக்கணினியோ தன்னிடம் இருந்ததை எடுத்துப் போட்டு என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவின் கோப்பைச் செயலியோடு சேர்த்தே வைத்து, சிஎஸ்எஸ்ஸில் எழுத்துருவாக அறிவித்து, அது ஏறி முடிந்த பிறகு பிடிஎஃப் எடுக்கும்படி மாற்றினேன். காத்திருக்காமல் எடுத்தால் பத்தில் ஒன்று மறுபடி சதுரமாக வரும். அந்தப் பத்தில் ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

மற்றவை சில்லறைத் தொல்லைகள். தாள் அளவைச் சொல்லாவிட்டால் பப்பட்டியர் அமெரிக்க லெட்டர் அளவை எடுத்துக்கொள்ளும். நம் ஏ4 தாள் 297 மில்லிமீட்டர் உயரம், லெட்டர் 279 தான். கீழே ஏன் இத்தனை இடம் வீணாகிறது என்று அரை நாள் ஓரங்களை நோண்டிக்கொண்டிருந்தேன். காகிதம் மிச்சமாகட்டும் என்று மையத்துக்காரர் ஏ5 கேட்டபோது, சிஎஸ்எஸ்ஸில் ஏ5 என்று எழுதியும் அசையவில்லை. சிஎஸ்எஸ் சொல்கிற அளவை மதி என்று பப்பட்டியரிடம் தனியாகச் சொல்ல வேண்டுமாம். பின்னணி நிறங்களும் அப்படித்தான், சொன்னால்தான் வரும். தலைப்பு வரிசையை எச்டிஎம்எல்லின் தீஹெட் குறிக்குள் வைத்ததும் ஒவ்வொரு பக்கத்திலும் தானாக வந்தது, வரிசைகள் நடுவில் உடையாமல் இருக்க சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி போதுமாக இருந்தது. அடிக்குறிப்பில் ‘பக்கம் 1’ என்பது மட்டும் வெகு நேரம் கண்ணில் படவே இல்லை. அது உண்மையில் வந்துதான் இருந்தது. அடிக்குறிப்புக்குப் பக்கத்தின் சிஎஸ்எஸ் எட்டாது, எழுத்தின் அளவை அங்கேயே எழுத வேண்டும் என்று தெரியாமல் போனது என் தவறு.

கணக்கு முடிக்கும் நாள் வந்தது. நானூறு சீட்டுக்கும் ஒரே பொத்தான், ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு புதுக் குரோம். இரண்டு ஜிபி நினைவகம் உள்ள சர்வர் முப்பதைத் தாண்டவில்லை. ஒரே குரோமைத் திறந்து வைத்து, வரிசையில் நிற்க வைத்து, ஒரு நேரத்தில் மூன்று தாவல் மட்டும் என்று மாற்றினேன். அப்போதும் இடையிடையே தாவல் செத்தது. டாக்கர் பகிர்வு நினைவகத்துக்கு இயல்பாக ஒதுக்குவது 64 எம்பிதான், குரோமுக்கு அது கைப்பிடிச் சோறு. அதைப் பயன்படுத்தாதே என்று குரோமுக்கு ஒரு கட்டளை உண்டு, அதைச் சேர்த்ததும் அடங்கியது. நானூறும் பதினோரு நிமிடத்தில் முடிந்தன.

இப்போது சோதனைத் தரவில் முதல் ஆளின் பெயர் ‘கொழுப்பு’, அவர் ஊரின் பெயர் ‘பெயர்’. எந்த நூலகத்தை மாற்றினாலும் முதலில் அவருக்குத்தான் சீட்டு.

அந்த வாரம் மையத்துக்காரர் மறுபடி கூப்பிட்டார். எழுத்தில் ஏதாவது போச்சா என்று பதறிக் கேட்டேன்.

“எழுத்தெல்லாம் பளிச்சுனு இருக்குதுங்க தம்பி. அதுதான் வம்பாப் போச்சு. இத்தன நாளா சும்மா வாங்கி மடிச்சு வெச்சுக்குவாங்க. இப்ப எல்லாரும் ஒக்காந்து படிச்சுப்போட்டு, என் மாட்டுப் பால்ல கொழுப்பு 3.9 தானான்னு வந்து நிக்கிறாங்க.”