மூளைக் கட்டிக்குள் ஓர் அரிசிமணி

மணவாளக்குறிச்சியின் கதிர்வீசும் மணலைப் பற்றிக் கேட்டே வளர்ந்த குமரிக்காரர்களுக்கு, மூளைக் கட்டியைக் கருக்கக் கதிர்ப்பொருளைக் கட்டிக்குள்ளேயே வைக்கும் சிகிச்சை உண்டு என்றதும் பயம் வரும். அந்த மணலின் மோனசைட் கனிமத்தில் இருக்கும் தோரியத்துக்கு அரை ஆயுள், அதாவது கதிர் பாதியாகக் குறையும் காலம், சுமார் 1,400 கோடி வருஷம். கட்டிக்குள் வைக்கும் கதிர்ப்பொருளான அயோடின்-125க்கு 59.4 நாள்.

இந்த அயோடினை அடைத்த அரிசிமணி போன்ற குச்சிக்கு 'சீட்' (விதை) என்று பெயர். 4.5 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. தடிமன், மேலே டைட்டானியம் உறை. நம்மூரில் 'கரண்ட் வைப்பது' என்கிறோமே, அது வெளியிலிருந்து நல்ல மூளையையும் கடந்துதான் கட்டியைத் தொடும். சீட்டின் கதிர் பலவீனமானது. 1 செ.மீ.யில் கிடைக்கும் அளவு, 2 செ.மீ.யில் கால்வாசிகூடத் தேறாது. அதனால் சீட் 3 மி.மீ. நகர்ந்தாலும் கட்டியின் ஓர் ஓரம் பட்டினி கிடக்கும், எதிர்ப்பக்கம் நல்ல மூளை வேகும்.

முதலில் தலையில் நான்கு ஆணிகளால் கட்டியின் இடத்தைக் குறிக்கும் ஃப்ரேமை முடுக்கி சிடி ஸ்கேன் எடுப்பார்கள். எம்ஆர்ஐ கட்டியைத் தெளிவாகக் காட்டும். ஆனால் படம் ஓரங்களில் வளையும். அதனால் இரண்டையும் கணினியில் பொருத்திப் பார்ப்பார்கள். இதற்கு ஃபிலிம் உதவாது. நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்கோ வேலூருக்கோ போகிறவர்கள், மெல்லிய அடுக்குகளாக எடுத்த படங்களை டைகாம் என்ற கணினிக் கோப்பு வடிவில் குறுந்தட்டில் கேட்டு வாங்குங்கள்.

ரத்தக்குழாய்கள் மூளை மடிப்புகளின் பள்ளத்தில் ஓடுகின்றன. பள்ளத்தை விலக்கித்தான் பாதை போட வேண்டும். மண்டையில் சிறு துளை, முதலில் பயாப்ஸி, அதாவது துளி திசு எடுத்துச் சோதிப்பது. கட்டிதான் என்று உறுதியானபின் கதீட்டர் என்ற மெல்லிய குழாய். சீட்டுகள் உள்குழாயில் கணக்கிட்ட இடைவெளியில் வரிசையாக இருக்கும். மூளைத் திரவம் அதிகம் வடிந்தால் மூளையே சற்று அமிழ்ந்து குறி தப்பும். கதீட்டரைச் சரியாக இறுக்காவிட்டால் மெல்லப் பின்வாங்கும். வைத்து முடித்ததும் மறுபடி சிடி ஸ்கேன் எடுப்பது இதற்காகத்தான்.

சுமார் 4 செ.மீ.க்குள், விளிம்பு தெளிவான கட்டிக்கே இது ஒத்துவரும். வீரியமான க்ளியோமா என்ற மூளைக் கட்டிக்கு முதல் சிகிச்சையோடு இதையும் சேர்த்துப் பார்த்த டொரண்டோ ஆய்வு (1998) ஆயுள் கூடியதாகக் காட்டவில்லை. ஆயுள் கூடும் என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள்.

மாதங்கள் கழித்து எம்ஆர்ஐயில் வெள்ளை வளையம் தெரிந்தால், கட்டி திரும்பியதாகவே இருக்க வேண்டியதில்லை. கதிரால் செத்த திசுவும் அப்படியே தெரியும். எதுவென்று பிரித்தறிய ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன் எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன், சில சமயம் மறு பயாப்ஸி தேவைப்படும். வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தருவார்கள். அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

தற்காலிக சீட்டை எடுத்துவிட்டால் உடம்பில் கதிர் மிஞ்சாது. நிரந்தர சீட் என்றால் கர்ப்பிணிகள், குழந்தைகள் எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்பதை எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சீட் உள்ளே இருக்கும்போது இறந்துவிட்டால், தகனம் செய்வதற்கு முன் சிகிச்சை செய்த மருத்துவமனையிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.