சிமெண்ட் போர்டுக்கு நாலு பல் பிளேடு

ராயபுரத்தில் மாடிக்குத் தகரம் அடித்தால் ஆணி ஓட்டையிலிருந்தே துரு ஆரம்பித்துவிடும். உப்புக்காற்று அப்படி. அதனால்தான் மாடி ரூமின் கடல் பக்கச் சுவருக்கு 8 மி.மீ. ஃபைபர் சிமெண்ட் போர்டு எடுத்தேன். எட்டுக்கு நாலு ஷீட்டுகளை மாடியேற்றியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, முதுகுவலி மட்டும்தான். எதை வைத்து வெட்டுவது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது.

முதலில் ஒரு துண்டில், சர்குலர் சாவில் (வட்ட பிளேடு சுழலும் கரண்ட் ரம்பம்) கிடந்த பழைய 24 பல் மரப் பிளேடை விட்டுப் பார்த்தேன். வெட்டியது. ஆனால் போர்டில் சிமெண்டும் நாரும் மட்டுமல்ல, மணலும் இருக்கிறது. கொஞ்ச தூரத்திலேயே பல்லின் கார்பைடு (கடின உலோகக் கலவை) முனை மழுங்கி, மெஷினைத் தள்ள வேண்டியதாகிவிட்டது.

அடுத்தது, டைல்ஸ் போடும் தம்பியிடம் வாங்கிய மார்பிள் கட்டர். 110 மி.மீ. டைமண்ட் பிளேடு, நிமிடத்துக்கு 13,000 சுற்று வரை போகும். விளிம்பு வழவழவென்று அருமையாக வந்தது. தூசிதான் சகிக்கவில்லை! மாவாக அரைத்துப் புகையாகக் கிளப்புகிறது. அதில் சிலிக்கா உண்டு, வருடக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலையே கெடுக்கும். பக்கத்து மாடியில் அக்கா வேறு வத்தல் காயப்போட்டிருந்தார். தண்ணீர் ஊற்றி வெட்டலாம் என்றார் தம்பி. கரண்ட் மெஷின் பக்கத்தில் தண்ணீர் எனக்குச் சரிப்படாது.

பிராட்வேயில் தேடியபோது 185 மி.மீ. பிசிடி பிளேடு கிடைத்தது. மொத்தமே நாலு பல். ஒவ்வொன்றின் முனையிலும் செயற்கை வைரத் துண்டு. "பல்லு கம்மியா இருக்கேன்னு பாக்காதீங்க சார், இந்த போர்டுக்கு அதான் கரெக்ட்டு" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது சரிதான். பல் குறைந்தால் ஒவ்வொரு பல்லும் பெரிய கடியாகக் கடிக்கும். மாவு குறைந்து துகள் கூடும். விலைக்கு மரப் பிளேடு இரண்டு மூன்று வாங்கிவிடலாம், இருந்தாலும் எடுத்துவிட்டேன். பிளேடின் நடு ஓட்டை 30 மி.மீ., என் மெஷினுக்கு 20 வேண்டும். ரிங் கேட்டு வாங்கினேன்.

நல்ல முகத்தைக் கீழே வைத்து, அடியில் ரீப்பர் கட்டைகள் கொடுத்து, பிளேடு போர்டுக்குக் கீழே அரை சென்டிமீட்டர் மட்டும் எட்டிப்பார்க்கும்படி ஆழம் வைத்தேன். சத்தம் கர்ணகொடூரம். ஆனால் பெரும்பகுதி ரவை மாதிரி காலடியிலேயே விழுந்தது. மெல்லிய தூசி அடியோடு போய்விடவில்லை, அதனால் என்95 மாஸ்க்கைக் கழற்றவே இல்லை. கர்ச்சீப் கட்டிக்கொள்வதெல்லாம் இதற்குப் பத்தாது. விளிம்பு மார்பிள் கட்டர் அளவுக்கு வழவழப்பில்லை. பட்டி வைக்கும் இடம்தானே, பரவாயில்லை.

நேர் வெட்டு எல்லாம் முடிந்தது. வெட்டிய ஓரம் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் ஐப்பசி மழைக்கு முன்னால் பிரைமர் அடிக்க வேண்டும். ஜன்னல் மூலைக்கும் ஸ்விட்ச் பாக்ஸுக்கும் இந்த பிளேடு திரும்பாது. அதற்கு, மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வெட்டும் ஜிக்சாவும் அதற்கான கார்பைடு பிளேடும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை.