எட்டாவது முறை தடவுவது யார்?

காலைக் கறவையில் முதல் பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் பிடித்தால் மடிநோய் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல பால் துணியில் வழிந்து இறங்கும். நோய்ப்பால் வெள்ளைத் துணுக்குகளைத் துணிமேல் தங்கவிட்டுப் போகும். அந்தக் காம்புக்கு மேலே மடி சூடாக இருக்கும். அமுக்கினால் மாடு காலை மாற்றி வைக்கும். கறவை மாடுகளுக்கு ஆன்டிபயாட்டிக் அதிகம் செலவாகும் இடங்களில் முக்கியமானது இது. கழுத்தில் ஊசி, காம்புக்குள் டியூப், மூன்று நான்கு நாள். மூலிகை மாற்று என்ற பேச்சு இங்கே சூடுபிடித்ததில் வியப்பில்லை.

அந்தப் பேச்சுக்கு நடுவில் இருப்பது சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு ஆகிய மூன்றும் சேர்ந்த விழுது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மரபுசார் மூலிகை ஆய்வுப் பிரிவில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி இதை அளவோடு ஒழுங்குபடுத்தினார். ஆனந்தில் உள்ள தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பிறகு பல மாநிலக் கூட்டுறவுகளுக்கு எடுத்துப்போனது. இன்று குஜராத்திலும் கர்நாடகத்திலும் இதே விழுதை அரைக்கிறார்கள்.

அளவு எளிது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழை மடலின் முள் விளிம்பைச் சீவிவிட்டு, தோலோடு துண்டு போட்டு, மற்ற இரண்டையும் சேர்த்து மிக்ஸியில் தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். மடியை நன்றாகக் கழுவி, நோய்கண்ட காம்பை முழுக்கப் பீய்ச்சி எடுத்துவிட்டு, விழுதில் ஒரு கைப்பிடியை 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் வழிய வழியத் தடவுவது. ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து முறை, ஐந்து நாள். கூடவே தினமும் இரண்டு எலுமிச்சையை வெட்டித் தின்னக் கொடுப்பது, மூன்று நாளைக்கு. பாலில் ரத்தம் கலந்து வந்தால் இரண்டு கைப்பிடி கறிவேப்பிலையை வெல்லத்தோடு அரைத்து, ரத்தம் நிற்கும்வரை நாளுக்கு இருமுறை வாய்வழியாகக் கொடுப்பார்கள்.

செய்முறை இவ்வளவுதான். சொதப்புவது இதற்குள்ளேயே பல இடங்களில் நடக்கிறது.

முதலில் சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடும் நீர்த்த சுண்ணாம்புதான் வேண்டும். நீர்க்காத கல் சுண்ணாம்பைப் பொடித்துப் போட்டால், கற்றாழைச் சாற்றின் ஈரம் பட்டதும் கொதிக்கும், மடித்தோல் வெந்துவிடும். நீர்த்த சுண்ணாம்பும் காரம் மிகுந்ததுதான், ஆகவே கண்ணளவில் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தாலும் காம்பு வெடிக்கும். அடுத்த முறை கையை நீட்டும்போதே மாடு உதைக்கும். நோய் வலி என்று நினைத்துக்கொண்டு இன்னும் தடவுவார்கள். ஒருமுறை மளிகைக் கடைத் தராசில் 15 கிராம் நிறுத்து, அது எந்தக் கரண்டிக்கு எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

சுண்ணாம்பு குறைந்தால் நிறமே சொல்லும். மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். குங்குமம் செய்பவர்களுக்கும் ஆரத்தி கரைப்பவர்களுக்கும் பழகிய வித்தை. விழுது செங்கல் நிறத்துக்கு வரவேண்டும். மஞ்சளாகவே நின்றால், சுண்ணாம்பு காய்ந்து பழசாகிப் போயிருக்கிறது, அல்லது கடைத் தூளில் மஞ்சளைவிட மாவு அதிகம். பாக்கெட் தூளைவிட விரலி மஞ்சளை இடித்துப் போடுவது நம்பகமானது.

இந்தச் சிவப்புக்குப் பின்னால் ஒரு வேதியியல் சிக்கலும் இருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் சாதாரணத் தண்ணீரில் கரையாது, காரத்தில் கரையும். ஆனால் கரைந்த அதே காரத்தில் நெடுநேரம் நிலைக்காமல் சிதையவும் தொடங்கும். அன்றன்றைக்கே புதிதாக அரைக்க வேண்டும் என்ற விதிக்கு இது போதுமான காரணம். ஐந்து நாளைக்கும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமையே அரைத்து ஃபிரிட்ஜில் வைக்கும் வீடுகள் உண்டு. செவ்வாய்க்கிழமை அதை எடுத்தால் நிறம் மங்கிப் பழுப்பேறியிருக்கும். அதைத் தடவிவிட்டு மூலிகை கேட்கவில்லை என்பது சரியான வழக்கல்ல.

அடுத்தது கரைசலின் பதம். கெட்டியாக அப்பினால் பலன் கூடும் என்பது பொதுவான நினைப்பு. கெட்டி விழுது அரை மணியில் காய்ந்து, ஓடு மாதிரி தோலை இழுத்துப் பிடிக்கும். அதன்மேலேயே அடுத்த பூச்சு. கீழே ஈரமும் அழுக்கும் அடைபட்டுக் கிடக்கும். தண்ணீராகக் கரைத்து, ஒவ்வொரு முறையும் பழையதைக் கழுவிவிட்டுத் தடவ வேண்டும் என்பதுதான் முறை. கறவைக்கு முன் கழுவுவதில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு சொட்டு விழுது பால் பாத்திரத்தில் விழுந்தாலும் மஞ்சள் கீற்று ஓடும். பால் சங்கத்தில் திருப்பி அனுப்பினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு பீய்ச்சாமல் விடுவது. வலிக்கிறதே என்று பாவம் பார்த்து நோய்க்காம்பைக் கறக்காமல் விட்டு, மேலே மட்டும் பூசுவார்கள். உள்ளே தேங்கிய பால் கிருமிக்குத் தீனி. மூன்று மணிக்கொரு முறை அந்தக் காம்பைக் காலி செய்வது, என் கணக்கில், பூசுவதைவிட முக்கியம். பீய்ச்சியதைத் தொழுவத் தரையில் விடாமல் தனிப் பாத்திரத்தில் பிடித்து, தள்ளிக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். நல்ல காம்புகளை முதலில் கறந்து, நோய்க்காம்பைக் கடைசியில் தொடுவது. பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவாமல் அடுத்த மாட்டுக்குப் போகாதிருப்பது. கறந்தபின் காம்புத்துளை மூட அரை மணி, ஒரு மணி ஆகும். அதுவரை மாடு சாணியில் படுக்காமல் இருக்க, கறவை முடிந்ததும் தீவனம் போட்டு நிற்கவைப்பது நல்ல பழக்கம்.

காம்பு அடைத்துக்கொண்டால் வேப்பிலை ஈர்க்கை மஞ்சளும் வெண்ணெயும் தடவி உள்ளே செருகும் முறையும் இதே மரபில் சொல்லப்படுகிறது. அப்போதுதான் பறித்த ஈர்க்கு, காம்பின் நீளத்துக்கு அளந்து வெட்டியது, ஒவ்வொரு கறவைக்கும் புதியது. கை சுத்தமும் பொறுமையும் உள்ளவர் செய்தால் சரி. மற்றவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே மேல். காம்புத்துளை உடம்பின் கதவு. அழுக்கு ஈர்க்கு வெளிக்கிருமியை உள்ளே கூட்டிப்போகும். டியூப் மருந்துக்கும் இதே எச்சரிக்கைதான். துளையை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்காமல் டியூப்பின் மூக்கை முழுக்கச் செருகி, அடிக்கடி டியூப் விட்ட மடியில் பூஞ்சை நோய் பிடிப்பதைக் கால்நடை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். பூஞ்சையை எந்த ஆன்டிபயாட்டிக்கும் தொடாது.

விழுதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாத மாடுகள் உண்டு. தீனி எடுக்காமல், காது சில்லிட்டு, நடுங்கி, கண் உள்வாங்கிப் படுத்துவிட்ட மாடு. மடி சூடு தணிந்து குளிர்ந்து நீலம்பாய்ந்த மாடு. பால் வராமல் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வரும் மாடு. இவற்றுக்கு நஞ்சு ரத்தத்தில் ஏறிவிட்டது என்று பொருள். குளுக்கோஸ், வீக்கம் குறைக்கும் ஊசி, மருத்துவர் முடிவு செய்தால் ஆன்டிபயாட்டிக் என்று அன்றிரவே வேலை நடக்க வேண்டும். விடியட்டும் என்று கற்றாழை தேடிப் போனால் மாடே மிஞ்சாது. மாதக்கணக்கில் கல்லாகிப்போன மடிப்பகுதியிலும் அதிசயம் நடக்காது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி அங்கே திசுவுக்குள் சிறு சீழ்க்கட்டிகளாகப் பதுங்கியிருக்கும். விழுதும் எட்டாது, ஊசியும் பெரும்பாலும் எட்டாது.

மூலிகை எடுபடும் இடம் ஆரம்பம். வெளியே வீக்கம் தெரியுமுன்பே பிடிக்க ஒரு மலிவான வழி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சலவைத்தூள் கரைத்து, நான்கு காம்புப் பாலையும் நான்கு கிண்ணத்தில் தனித்தனியாகப் பிடித்து, பாலுக்குச் சம அளவு கரைசல் விட்டுச் சுழற்றிப் பார்ப்பது. நல்ல பால் நீராகவே ஓடும். கஞ்சிபோலத் தடித்தால் அந்தக் காம்பில் வெள்ளையணுக்கள் கூடியிருக்கின்றன. பாலைக் கொட்டிவிட வேண்டும், கிண்ணத்தைத் தனியாக வைக்க வேண்டும். 15 நாளுக்கொரு முறை செய்தால் போதும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், பாலுக்காக. ஊசி போட்ட மாட்டின் பாலை, மருந்துப் பெட்டியில் அச்சிட்ட விலக்கு நாள் முடியும்வரை ஊற்றக் கூடாது. வீட்டில் உறை ஊற்றினால் சரியாகத் தோயாமல் நீர்த்து நிற்பதே மருந்து உள்ளே இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். தயிராக்கும் கிருமியையும் அது விட்டுவைப்பதில்லை. சங்கத்தில் ஒரு மாட்டுப் பால் தனியாக நிற்பதுமில்லை, குளிர்கலனில் ஊர்ப் பாலோடு கலந்துவிடும். இந்தியாவில் 2019இல் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்கான விலங்குகளுக்குத் தடை செய்தார்கள்; ஐரோப்பிய ஒன்றியம் 2006 தொடக்கத்திலேயே வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை நிறுத்தியது. சட்டம் அந்தப் பக்கம் நகர்கிறது. விழுதுக்கு விலக்கு நாள் கிடையாது. ஆனால் இதைத் தவறாகப் படிப்பவர்கள் உண்டு: மருந்து எச்சம் இல்லை என்பதால் திரிந்த பாலை ஊற்றலாம் என்று ஆகாது. பால் தெளியும்வரை அந்தக் காம்பின் பால் கணக்கில் இல்லை.

செலவு பார்த்தால் கற்றாழை வேலியோரம், மஞ்சளும் சுண்ணாம்பும் வீட்டில். விலை வேறு இடத்தில் இருக்கிறது. காலை ஐந்தரையிலிருந்து இரவு ஒன்பது வரை பத்து முறை என்றால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கழுவி, கரைத்து, தடவ வேண்டும். இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில் பெரும்பாலும் ஒரு பெண்ணின் கை அது. அவர் நூறு நாள் வேலைக்கு ஒன்பது மணிக்குப் போய் நான்கு மணிக்குத் திரும்பினால் நடுவில் நான்கு பூச்சு போய்விடும். பயிற்சிக் கூட்டத்தில் துண்டுப்பிரசுரத்தை ஆண்கள் வாங்கிப் போகிறார்கள். விழுது பலிக்காமல் போன வீடுகளில் அளவைவிட இந்தக் கணக்கைத்தான் முதலில் கேட்க வேண்டும்: பகலில் தொழுவத்தில் யார் இருக்கிறார்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளையால் ஒரு பூச்சு முடியுமா, பக்கத்து வீட்டு அக்காள் மதியம் இரண்டு பார்த்துக்கொள்வாரா. விழுதைக் காலையிலேயே பத்து உருண்டையாகப் பிடித்து ஈரத்துணியில் மூடி வைத்தால், மாலையில் எத்தனை மிச்சம் என்று பார்த்தே விட்டுப்போனது தெரிந்துவிடும்.