சர்க்கரை வேறு, சீனி வேறு

கல்யாணமாகி திருச்சியிலிருந்து மட்டக்களப்புக்கு நான் வந்தது 2022 தொடக்கத்தில். பால்மாவுக்கும் காஸ் சிலிண்டருக்கும் சனம் வரிசையில் நின்ற காலம் அது. தமிழ் பேசுகிற ஊருக்குத்தானே போகிறாய், உனக்கென்ன கஷ்டம் என்று சொல்லித்தான் வீட்டில் எல்லோரும் அனுப்பினார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், கல்லடியில் எங்கள் தெருமுனைக் கடைக்கு முதல் தடவை துண்டுச்சீட்டோடு போகிறவரைக்கும்.

அம்மா எழுதித் தந்த சமையல் நோட்டு பெட்டியில் இருந்தது. அதைப் பார்த்து சாம்பார், கேசரி, சப்பாத்தி, குருமா நாலுக்கும் வேண்டியதை அப்படியே எழுதிக்கொண்டு போனேன். பருப்பு அரைக் கிலோ, சர்க்கரை அரைக் கிலோ, கோதுமை மாவு ஒரு கிலோ, சோம்பு, பட்டை. கடைக்காரர் சோம்பையும் பட்டையையும் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார், எனக்கு விளக்கத் தெரியவில்லை, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மற்றதை வாங்கிவந்து பிரித்தால், பருப்பு என்று தந்தது மைசூர் பருப்பு, சர்க்கரை என்று தந்தது வெல்லம் மாதிரிப் பழுப்பு நிறக் கட்டி, கோதுமை மாவு என்று தந்தது வெள்ளை வெளேரென்று நம் ஊர் மைதா. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இங்கே பருப்பு என்றாலே மைசூர் பருப்புதான், துவரம் பருப்பு வேண்டுமென்றால் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பெயர் சீனி. சப்பாத்தி மாவுக்கு ஆட்டா மா. அன்றைக்கு சாம்பார் குக்கரில் கூழாகி, சப்பாத்தி ரப்பர் மாதிரி வந்து, அழுகையே வந்துவிட்டது. மாமிதான், அதாவது என் மாமியார், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்க சொல்லுங்க மகள், அதுக்கு இங்க என்ன பேரெண்டு நான் சொல்றன்."

அப்படித்தான் அந்த இரண்டாவது நோட்டு ஆரம்பித்தது. இடது பக்கம் அம்மாவின் சொல், வலது பக்கம் கடையின் சொல். சோம்பு பெருஞ்சீரகம், பட்டை கறுவா, பூண்டு உள்ளி, எலுமிச்சை தேசிக்காய், வேர்க்கடலை கச்சான், பீன்ஸ் போஞ்சி, முட்டைக்கோஸ் கோவா, முந்திரிப்பருப்பு கஜு. சீரகம் என்று சும்மா எழுதினால் பெருசா சின்னனா என்று கேட்பார்கள், ஆகவே சின்னச் சீரகம். மிளகாய்க்கு மாமி வாயில் வருவது கொச்சிக்காய். அவ்வளவு ஏன், காய்கறியே இங்கே மரக்கறி.

பெயர் தெரிந்தால் பாதிதான் முடிந்தது. சமையல் குறிப்பில் இருக்கிற அளவு ஒன்று, கடையில் விற்கிற அளவு வேறொன்று, இந்த இரண்டையும் இணைப்பதுதான் உண்மையான வேலை என்பது எனக்குப் பிடிபட ஆறு மாதமாவது ஆகியிருக்கும். அம்மா நோட்டில் அரை மூடித் தேங்காய் என்று இருக்கும். கடையில் முழுத் தேங்காய்தான். இந்த வீட்டிலோ காலையில் புட்டுக்கும் சம்பலுக்கும் தேங்காய்ப்பூ, மத்தியானம் கறிக்கு முதல் பாலும் இரண்டாம் பாலும், இரவு இடியப்பத்துக்குச் சொதி, எல்லாமே தேங்காயில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு குறிப்புக்கும் தனித்தனியாக ஒரு தேங்காய் என்று எழுதி வாங்கியதில் ஃபிரிட்ஜில் பாதித் தேங்காய்கள் சேர்ந்து, வழுவழுத்துப் போய்த் தூக்கிப் போட்டிருக்கிறேன். இப்போது அப்படி இல்லை. ஏழு நாளைக்கும் என்ன சமையல் என்று முதலில் எழுதிவிட்டு, தேங்காயை மட்டும் ஓரமாகக் கூட்டுவேன். பாதி, பாதி, கால், முழுசு. பாதி வேண்டிய இரண்டு சமையலை ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாளிலோ போட்டுவிட்டால் ஒன்பது தேங்காய் ஆறாகிவிடும். 2024 கடைசியில் தேங்காய் விலை ஏறியபோது இந்தக் கணக்கு எங்களை உண்மையிலேயே காப்பாற்றியது.

தயிரும் அப்படித்தான். குறிப்பில் இரண்டு கரண்டி தயிர் என்று இருக்கும், நாங்கள் வாங்குவதோ மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிர், மேலே ஆடை கட்டி, சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத மாதிரி இருக்கும். அதற்காகவே சட்டி வாங்குகிற வாரத்தில் மோர்க்குழம்பையும் சேர்த்து எழுதிவிடுவேன்.

மாமியின் சமையலை எழுதுவது இன்னொரு பாடு. அவரிடம் கிராம் கிடையாது. பழப்புளி ஒரு தேசிக்காயளவு, அரிசி ரெண்டு சுண்டு. சுண்டு என்பது ரின்பால் பேணியால், அதாவது டின் பால் டப்பாவால், அளப்பது, நாலு சுண்டு ஒரு கொத்து. ஒருநாள் தராசை வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்தேன். அவர் கை எடுத்த புளியை வாங்கி நிறுத்தேன், பேணியில் தலைவெட்டி அளந்த அரிசியை நிறுத்தேன், அது எங்கள் வீட்டுப் பேணிக்கு 250 கிராமை ஒட்டி வந்தது. மாமிக்கு அது வேடிக்கையாக இருந்தாலும் பொறுமையாகக் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். இறாலும் முருங்கைக்காயும் போட்ட பால்கறி, இப்போது யார் கேட்டாலும் நாலு பேருக்கு எவ்வளவு வாங்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும்.

அப்புறம் வரிசை. முன்பெல்லாம் சமையல் வாரியாக எழுதுவேன், அதனால் உள்ளி மூன்று இடத்தில் வரும், சந்தைக்குள் முன்னும் பின்னும் நடக்க வேண்டியிருக்கும். இப்போது சாமான் கிடைக்கிற இடம் வாரியாகத்தான் எழுதுகிறேன். மீன், இறால், நண்டு எது என்று பட்டியலில் எழுத மாட்டேன், காலையில் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவரிடம் என்ன இருக்கிறதோ அதுதான், மீன் என்று மட்டும் எழுதிவிட்டுப் பக்கத்தில் இடம் விட்டுவிடுவேன். பலசரக்கு தெருமுனைக் கடையில். மரக்கறிக்கு சனிக்கிழமை ஸ்கூட்டியில் கல்லடிப் பாலம் தாண்டி டவுன் சந்தை. அதிலும் கிழங்கு, பூசணி மாதிரிப் பாரமானது மேலே, கீரையும் தக்காளியும் கடைசியில், பையில் அந்த வரிசையில்தான் போட வேண்டும் என்பதால். எழுதி முடித்ததும் டப்பாக்களைத் திறந்து பார்த்து, வீட்டில் இருப்பதை அடித்துவிட்டுத்தான் கிளம்புவது. இதைச் செய்யாததால் எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் மூன்று பாக்கெட் வெந்தயம் இருந்தது.

வைகாசி வந்தால் பட்டியலே மாறிவிடும். கண்ணகி அம்மன் கோயில் சடங்கு நடக்கிற நாட்களில் வீட்டில் மீன் சமைப்பதில்லை. மதுரையை எரித்தவளாக நான் பள்ளிக்கூடத்தில் படித்த கண்ணகிக்கு இங்கே ஊர் ஊராகக் கோயில் இருப்பதை முதல் வருசம் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. அந்த வாரம் என் அம்மாவின் நோட்டுதான் வேலை செய்யும். கூட்டு, பொரியல், வத்தக்குழம்பு. மாமியே கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

போன வாரம் அம்மா போனில் அந்த இறால் கறியைக் கேட்டார். நோட்டைத் திருப்பி வைத்து, வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்குப் படித்துக்கொண்டே எழுதி அனுப்பினேன். பச்சை மிளகாய் ஐந்து, பூண்டு ஆறு பல், எலுமிச்சை பாதி, தேங்காய் ஒன்று. ரம்பை என்கிற வாசனை இலைக்கு மட்டும் இடது பக்கத்தில் சொல்லே இல்லை, எங்கள் வீட்டில் அதைப் போட்டதே கிடையாது. அடுத்த தடவை போகும்போது நிழலில் காயவைத்து ஒரு கட்டு கொண்டுவருகிறேன், அதுவரைக்கும் அது இல்லாமலே செய்யுங்கள் என்று எழுதினேன்.