தலைக்கு 22 ரூபாய் 58 காசு

ஜூலை 1, 2023, சனி

நேற்று கல்லூரியில் ரத்தப் பரிசோதனை முகாம். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகையாம். நர்ஸ் அக்கா சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரியா சாப்பிட மாட்டியாம்மா?" என்றார். சுருக்கென்றது. மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறு தின்கிறவள் நான். பரமக்குடிப் பக்கத்துக் கிராமம். வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சோற்றுக்கு வந்ததில்லை.

அறையில் வந்து சொன்னதும் தேனிக்காரி சிரித்தாள். அவள் படிப்பது ஊட்டச்சத்தியல். "தட்டைக் காட்டுடி" என்றாள். காட்டினேன். மலையாட்டம் சோறு, ஒரு கரண்டி ரசம், ஒரு அப்பளம். "வயித்தை ரொப்பியிருக்க. சாப்பிடலை."

மதுரை செல்லூரில் ஒரு மாடி அறை. நான் பி.காம் மூன்றாம் வருடம், தேனிக்காரி, தமிழ் இலக்கியம் படிக்கும் சிவகாசிக்காரி. மூவருமே ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி, அதனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வங்கியில் விழுகிறது. அதில் ஆளுக்கு 700 சமையலுக்கு. மொத்தம் 2100. அரிசி இந்தக் கணக்கில் வராது. முறை வைத்து மூன்று வீட்டு ரேஷன் அரிசியும் வரும். 2100-ஐ மூன்றாலும் 31-ஆலும் வகுத்தேன். தலைக்கு ஒரு நாளைக்கு 22 ரூபாய் 58 காசு.

கணக்குப் படிக்கிறவள் என்பதால் இந்த மாத நோட்டு என் கையில்.

ஜூலை 2, ஞாயிறு

அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை இதுதான், 1999-இல் திறந்தது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. நான்தான் இரண்டு வருடமாகத் தெருமுனைக் கடையில் காசைக் கொட்டிக்கொண்டிருந்தேன். மகளிருக்குக் கட்டணம் இல்லாத டவுன் பஸ், போக வரச் செலவு கிடையாது. வாசலில் பலகையில் அன்றைய விலை. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் யாரும் ஏமாற்ற முடியாது.

பலகையைப் பார்த்ததும் சிவகாசிக்காரி "ஆத்தீ" என்றாள். தக்காளி 90. இஞ்சியைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். சின்ன வெங்காயமும் கண்ணீர்தான், உரிக்காமலேயே.

சுற்றிப் பார்த்தால் எல்லாமே ஏறவில்லை. பூசணி, வெண்டை, பெரிய வெங்காயம், கீரைக்கட்டு எல்லாம் கைக்கு அடக்கம். காலையில் ஓடிப்போய் நல்ல காயாகப் பொறுக்குவதைவிட, பத்தரை மணிக்குமேல் போவது எங்களுக்குச் சரி. வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், "ரெண்டு கட்டா எடுத்துக்க பாப்பா, ஒரு கட்டு காசு குடு" என்கிறார்கள். 140 ரூபாயில் பை நிறைந்துவிட்டது. தக்காளி வாங்கவில்லை.

ஜூலை 4, செவ்வாய்

சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்கிறார்களாம். மதுரையில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படிக்கலாம், அவ்வளவுதான்.

தக்காளி இல்லாமல் சமைத்தே ஆகவேண்டும் என்று வந்தபிறகு பார்த்தால், என் அப்பத்தா வைத்த குழம்பில் பாதிக்குத் தக்காளியே கிடையாது. கருவாட்டுக் குழம்பு, மொச்சைப் புளிக்குழம்பு, கொட்டு ரசம் எல்லாம் புளிதான். தக்காளி போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த காய். அதற்கு முன்னும் இங்கே ஆட்கள் குழம்பு வைத்துச் சாப்பிட்டுத்தானே இருந்தார்கள்? இதைச் சொன்னபோது சிவகாசிக்காரி, "சங்க இலக்கியத்துல தக்காளி இல்லைடி" என்றாள், ஏதோ அவளே எழுதியது மாதிரி.

ஜூலை 6, வியாழன்

இந்த நோட்டில் உருப்படியான பக்கம் இதுதான்.

தேனிக்காரி சொன்னாள்: உடம்பு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. நான் 48 கிலோ, ஆக ஏறத்தாழ 40 கிராம். சோற்றிலேயே பாதி வந்துவிடும். மிச்சத்தை எதில் வாங்குவது? அங்கேதான் பி.காம் வேலைக்கு வந்தது. எங்கள் கடை விலையை வைத்து, ஒரு கிராம் புரதம் எத்தனை காசு என்று போட்டேன்.

பால் அரை லிட்டர் 20 ரூபாய், அதில் 16 கிராம். கிராம் 1 ரூபாய் 25 காசு. முட்டை 5 ரூபாய் 50 காசு, 6 கிராம், 92 காசு. துவரம்பருப்பு கிலோ 155, நூறு கிராமில் 22, 70 காசு. நிலக்கடலை கிலோ 140, நூறில் 25, 56 காசு. மீல்மேக்கர் நூறு கிராம் 18 ரூபாய், அதில் 52, 35 காசு. கொள்ளு கிலோ 75, நூறில் 22, 34 காசு.

கொள்ளு! எங்கள் ஊரில் அதை மாட்டுக்கு வேகவைப்பார்கள். சளி பிடித்தால் ரசம் வைப்பார்கள். மற்ற நாளில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உடனே தேனிக்காரி என் கணக்கில் ஓட்டை போட்டாள். எல்லாப் புரதமும் ஒன்றில்லையாம். முட்டை, பால், மீனில் இருப்பதை உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ளும். பருப்பும் அரிசியும் சேர்ந்தால்தான் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். ஆகவே முட்டையை விடக்கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆளுக்கு ஒன்று, தினமும் ஒரு கைப்பிடி கடலை, வாரம் மூன்று நாள் கொள்ளு. பால் மட்டும் பாதியாகக் குறைந்தது. கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. நூறு கிராமில் 364 மில்லிகிராம், பாலில் அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

பால் குறைந்ததால் டீ குறைந்தது. அதுவும் நல்லதுதானாம். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இதை நர்ஸ் அக்கா சொல்லியிருக்கலாம்.

ஜூலை 9, ஞாயிறு

காலையில் கொள்ளு வறுத்த வாசம் கீழே போயிருக்கிறது. வீட்டுக்கார அம்மா படியேறி வந்துவிட்டார்.

"ஏத்தா, என்ன இது? இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு கேட்டதில்லையா? மூணும் ஒட்டடைக் குச்சியா இருந்துக்கிட்டு கொள்ளைத் திங்கிறீக. சூடு வேற."

தேனிக்காரி புரதம் என்று ஆரம்பித்தாள். நான் நோட்டைக் காட்டினேன். அந்த அம்மா இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. கீழே போய் ஒரு டம்ளர் கறுப்பு எள்ளும் ஒரு துண்டு கருப்பட்டியும் எடுத்து வந்தார். அவரே அம்மியில் இடித்து உருட்டினார். பதினோரு உருண்டை. மூன்றால் வகுபடவில்லை என்று இரண்டை அவரே எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார்: கொல்லையில் நிற்கும் முருங்கையில் கீரை எவ்வளவு வேண்டுமானாலும் ஒடித்துக்கொள்ளலாம், கிளையை மட்டும் முறிக்கக் கூடாது. இரண்டு வருடமாக அந்த மரத்தடியில்தான் துணி காயப்போடுகிறோம்.

முருங்கைக்கீரை உருவுவது ஒரு தண்டனை. மூன்று பேர் முக்கால் மணி நேரம். பொரியலில் கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துத் தூவி, இறக்கியதும் எலுமிச்சை பிழிந்தோம். புளிப்பு சேர்ந்தால்தான் கீரையின் இரும்பு ஏறும் என்பது தேனிக்காரி சட்டம். ருசிக்கும் அதுவே சரி.

ஜூலை 12, புதன்

கேஸ் தீர்ந்துவிட்டது. சின்ன சிலிண்டர், எச்சரிக்கை செய்யாது. காலையில் அம்மா உணவகம்: இட்லி ஒரு ரூபாய், ஆளுக்கு ஐந்து. மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. மூன்று பேரும் இரண்டு வேளை தின்று 39 ரூபாய். சிவகாசிக்காரி, "தினமும் இங்கயே வந்துட்டா என்ன?" என்றாள். வரலாம்தான். ஆனால் அங்கே முட்டையும் கீரையும் இல்லையே.

ஜூலை 16, ஞாயிறு

அம்மா வந்திருந்தது. மாட்டுத்தாவணியில் இறங்கி, 15 கிலோ அரிசியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்கிறது. கூடவே முண்டு மிளகாய், நெத்திலிக் கருவாடு, ரேஷனில் 30 ரூபாய்க்குப் போட்ட துவரம்பருப்பு ஒரு கிலோ, 25 ரூபாய் பாமாயில்.

வந்ததும் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தது. ஒன்றும் சொல்லவில்லை. முறத்தை எடுத்து அரிசியைக் கொட்டிப் புடைக்க ஆரம்பித்தது. நடுவில் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே வைத்தது.

"இந்தா பாரு, பிளாஸ்டிக் அரிசியைக் கலந்து குடுக்குறாய்ங்க. தண்ணியில போட்டா மெதக்குது. போன வருசத்துல இருந்தே இப்படித்தான்."

தேனிக்காரி அதில் ஒரு மணியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "அம்மா, இது பிளாஸ்டிக் இல்ல. அரிசியை மாவாக்கி, அதுல இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 எல்லாம் சேத்து, திரும்ப அரிசி மாதிரியே அச்சுல வார்க்குறாங்க. நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கலப்பாங்க. லேசா இருக்குறதால மெதக்குது. ரத்தசோகையைக் குறைக்கத்தான் இதைக் குடுக்குறாங்க, உங்க மாவட்டத்துல முதல்லயே குடுத்தாங்க."

அம்மா முறத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

"இத்தனை மாசம் பொறுக்குனதை என்னம்மா பண்ணின?"

"கோழிக்குப் போட்டேன்."

சிவகாசிக்காரி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டாள். அம்மாவுக்கும் சிரிப்புத்தான், ஆனால் பொறுக்கி வைத்ததை எல்லாம் திரும்ப அரிசியில் போட்டுக் கையால் கலந்துவிட்ட விதத்தில் எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது. கடையில் அரிசி போடுகிறவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

போகும்போது 200 ரூபாயைத் திணித்தது. நோட்டில் வரவு வைக்கவில்லை. பஸ் ஏற்றிவிட்டு அதில் 50 ரூபாயைத் திரும்ப அதன் சுருக்குப் பையிலேயே போட்டேன்.

ஜூலை 19, புதன்

மீல்மேக்கர் குருமா. ஊறவைத்ததைப் பிழியாமல் போட்டேன். பஞ்சு. யாரும் பேசாமல் சாப்பிட்டோம்.

ஜூலை 21, ஆடி வெள்ளி

மாரியம்மன் கோவிலில் கூழ். கேழ்வரகு, சின்ன வெங்காயம் (இந்த விலையிலும்!), முருங்கைக்கீரை, ஓரத்தில் கருவாடு. தூக்குச்சட்டி கொண்டுபோயிருந்தோம். தேனிக்காரி வரிசையில் நின்றுகொண்டே கால்சியம், இரும்பு என்று விரல் மடக்கினாள். முன்னால் நின்ற பாட்டி திரும்பி, "சாமி கூழை எண்ணாதடி" என்றது.

ஜூலை 24, திங்கள்

சண்டை. எழுதக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் கணக்கில் வந்துவிட்டது.

புதுநத்தம் சாலையில் 15-ஆம் தேதி திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு நேற்று போயிருந்தோம். குளுகுளுவென்று நாள் முழுக்க உட்காரலாம். மதியத்துக்கு அரிசி உப்புமா கட்டிக்கொண்டு போனதால் செலவே இல்லை. திரும்பும்போது இருட்டிவிட்டது. வழியெல்லாம் புரோட்டாக் கல்லில் தட்டுகிற சத்தம், சால்னா வாசம். சிவகாசிக்காரி நின்றுவிட்டாள். "எனக்கு அளவெடுத்த சோறு அலுத்துப்போச்சு" என்றாள். மூன்று பேருக்கு 126 ரூபாய். என் கணக்கில் அது 23 முட்டை. அதை நான் வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு.

"உனக்கு ரத்தம் கம்மி, எனக்கு இல்ல. நான் எதுக்குடி கொள்ளு திங்கணும்?"

அவள் கேட்டது சரி. 12.3 இருக்கிறவள் அவள். என் சீட்டுக்காக மூன்று பேர் வாயையும் கட்டிக்கொண்டிருந்தேன். இரவு முழுக்கப் பேசவில்லை. காலையில் ஒரு விதி எழுதினோம்: மாதம் 150 ரூபாய் நாக்குக்கு, யாரும் கேள்வி கேட்கக் கூடாது. ஆகஸ்டு முதல் அமல்.

(புரோட்டா நன்றாகவே இருந்தது.)

ஜூலை 27, வியாழன்

தெருவில் வந்த மீன்காரரிடம் மத்தி அரை கிலோ 60 ரூபாய். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஒன்றரை மாதம் ஆயிற்று, வரத்து உண்டு. முள்ளோடு மெல்லலாம். வீட்டுக்கார அம்மா சைவம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு பொரித்தோம். வாசம் போயிருக்கும், அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுத்த இரும்பு மாத்திரையும் இந்த மாதம் முழுக்கப் போட்டேன். சாப்பாடு மட்டுமே இதைச் சரிசெய்துவிடும் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள், 9.4-க்கு மாத்திரை வேண்டும் என்று டாக்டர் தெளிவாகவே சொன்னார். மறுபடி ரத்தம் பார்ப்பது செப்டம்பரில்.

ஜூலை 30, ஞாயிறு

நோட்டை முடித்தேன். காய்கறி 560, கடலை 280, பால் 300, முட்டை 253, மீன் 120, புரோட்டா 126, எண்ணெய், கொள்ளு, கேழ்வரகு, உப்பு புளி எல்லாம் போக மிச்சம் 14 ரூபாய்.

உழவர் சந்தையில் தக்காளி இன்னும் இறங்கவில்லை, 120. சிவகாசிக்காரி ஒரே ஒரு தக்காளியை எடுத்துத் தராசில் வைத்தாள். தராசுக்காரம்மா, "ஒண்ணா?" என்றார். "ஒண்ணுதான்க்கா." எடை போட்டால் 110 கிராம், 13 ரூபாய். சின்னதாக இன்னொன்றை எடுத்துப் பையில் போட்டு, "போங்க" என்றார்.

சமைக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போதே துடைத்து, உப்புகூட இல்லாமல் மூன்று பேரும் கடித்தோம். சிவகாசிக்காரி இதைக் காய்கறியில் எழுது என்கிறாள். தேனிக்காரி பழம் என்கிறாள். நான் நாக்குச் செலவில் எழுதிவிட்டேன். மிச்சம் 1 ரூபாய்.